பலகையில் எழுதிய ஆட்டம்

எங்கள் அரங்கத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. வாசலில் இரண்டு ஆள் உயர எழுத்தில் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் சொல்வதில்லை. ஊருக்கு நட்டநடுவில், அலுவலகக் கட்டடங்களுக்கு இடையில், கவிழ்த்து வைத்த குண்டான் மாதிரி உட்கார்ந்திருப்பதால் பஸ் கண்டக்டர்கள் "குண்டான் எல்லாம் இறங்கு" என்பார்கள். உள்ளே வேலை பார்க்கிற நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். திங்கட்கிழமை வேலைவாய்ப்பு முகாம், புதன்கிழமை குத்துச்சண்டை, வெள்ளிக்கிழமை பாட்டுக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து. நடுவில் யாராவது வந்து ஆயிரம் பேருக்குப் பரீட்சை வைத்துவிட்டுப் போவார்கள்.

நான் அங்கே பலகை எழுதுகிறவன். அடையாள அட்டையில் 'நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு உதவியாளர்' என்று கம்பீரமாகத்தான் போட்டிருக்கிறது. செய்கிற வேலை என்னவோ, ஊழியர் வாசலில் தொங்கும் வெள்ளைப் பலகையில் அந்த வாரம் என்னென்ன நடக்கிறது என்று நீல மசியில் எழுதுவது. அதனால் என் பெயரே பலகை ஆகிவிட்டது. நான் இங்கே சொல்ல வந்தது தரையக்காவின் கதையை. என்னை விட்டுவிட்டு அதைச் சொல்லத்தான் எத்தனையோ நாள் பார்த்தேன், முடியவில்லை.

தரையக்கா என்றால் அரங்கத்தின் தரைக்குப் பொறுப்பான அக்கா. உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தரை என்பது தரை, அவ்வளவுதான். அது ஒன்றல்ல. அடியில் வெறும் சிமெண்ட். கூடைப்பந்துக்கு அதன்மேல் மரப்பலகை, இருநூற்றுப் பதினாறு துண்டு, ஒவ்வொன்றுக்கும் எண். நடனத்துக்கு மரம் கூடாது, கறுப்பு ரப்பர் விரிப்பு. மாநாட்டுக்குக் கம்பளம். மோட்டார் சைக்கிள் சாகசம் என்றால் லாரி லாரியாக மண். மண்ணை வாரி முடித்த பிறகும் ஒரு வாரத்துக்கு எங்கள் டீயில் மண் இருக்கும். இதையெல்லாம் போட்டு, எடுத்து, மறுபடி போடுகிற பன்னிரண்டு ஆட்களுக்கு அக்காதான் தலைவி.

அவர் தலைவியாக வந்தவர் அல்ல. குண்டான் திறந்த வருஷம் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். அப்போதெல்லாம் விளையாட வருகிறவர்கள், மைதானத்தில் ஒரு மூலையில் பந்து எழும்பவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவார்கள். நிபுணர்கள் வந்து பார்த்தார்கள், தட்டினார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு மதியம் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு பந்தை எடுத்து, அடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டே தரை முழுக்க நடந்திருக்கிறார். எண்பத்தெட்டாம் துண்டும் எண்பத்தொன்பதாம் துண்டும் முதல் நாளிலிருந்தே இடம் மாறிக் கிடந்தது அப்படித்தான் தெரிந்தது. மாற்றிப் போட்டதும் பந்து ஒழுங்காக எழும்பியது. அடுத்த மாதமே துடைப்பம் வேறு கைக்குப் போனது.

அவர் வீட்டுக்காரரும் எங்களிடம்தான் வேலை. கூரைக்குக் கீழே, எட்டு மாடி உயரத்தில், இரும்பு நடைபாதையில் ஊர்ந்து விளக்கு திருப்புகிறவர். ரேடியோவில் அவர் பெயர் 'மேலே', அக்கா பெயர் 'கீழே'. தரை போட்டு முடித்ததும் மேலிருந்து விளக்கை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு, "கீழே, சரியா?" என்பார். "சரி" என்பார் அக்கா. வீட்டில் சண்டை என்றால் "சரி"யில் ஒரு வெட்டு இருக்கும். அன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று பன்னிரண்டு ஆட்களும் அந்த ஒரு சொல்லிலிருந்து கண்டுபிடித்து, டீ நேரத்தில் அலசுவார்கள். நானும் அலசியிருக்கிறேன்.

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மரத்தின்மேல் குதிகால் செருப்போடு யார் கால் வைத்தாலும் விடமாட்டார். பெரிய பாடகருடன் வந்த ஆள் ஒருவரை நாலு பேர் முன்னால் பூட்ஸைக் கழற்ற வைத்து, சாக்ஸோடு நடக்கவிட்டார். அந்த சாக்ஸில் ஓட்டை இருந்தது அக்காவின் குற்றமா? முதல் எச்சரிக்கைக் கடிதம் அதற்கு வந்தது. இன்னொரு சமயம், "இவ்வளவு கனமான மேடையைத் தரை தாங்காது" என்று மேடை கட்டுகிறவர்களை அரை நாள் நிறுத்தி வைத்தார். அவர் சொன்னது சரி என்று பிறகு அளந்து பார்த்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவது வந்தால் தரையை விட்டு இறக்கிவிடுவார்கள் என்பது எங்கள் விதி. அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

எனக்குச் சுருக்கமாக எழுதுவதில் ஒரு கர்வம் உண்டு. பலகை சின்னது, நிகழ்ச்சிகள் அதிகம். 'அகில நகர வணிகர் சங்கங்களின் ஆண்டு மாநாடு' என்று தாளில் வந்தால் நான் 'கூட்டம்' என்று எழுதுவேன். முன்பெல்லாம் பலகையில் 'தரை' என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. மரமா, ரப்பரா, கம்பளமா என்று அதில் எழுத வேண்டும். அக்காவுக்குத் தெரியாத தரையா என்று நான்தான் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள், பலகை பளிச்சென்று இருக்கிறதாம்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாளைக்கான தாள் வந்தது. 'பள்ளிகளுக்கு இடையிலான குழு ஆட்டப் போட்டி, மாலை நான்கு மணி.' நான் பலகையில் எழுதினேன்: 'சனி 4 – பள்ளி ஆட்டம்.' ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து இறுதிப் போட்டி வேறு இருந்தது. எழுதி முடித்தபோது கையில் போன், தோளில் ஒரு போன். அக்கா பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன ஆட்டம், தம்பி?"

"ஆட்டம்னா ஆட்டந்தான்க்கா" என்றேன், போனைப் பொத்திக்கொண்டு.

எங்கள் வழக்கத்தில் ஆட்டம் என்றால் விளையாட்டு. நடனத்தை நான் 'டான்ஸ்' என்றுதான் எழுதுவேன். அன்று ஏன் அப்படி எழுதவில்லை என்றால், அது நடனம் என்று எனக்கே தெரியாது. நான் தாளைப் படித்தேனே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் இருநூற்றுப் பதினாறு துண்டும் பூட்டி, இரண்டு பக்கமும் கூடைக் கம்பங்களைத் தள்ளி நிறுத்தி, ஆடுகளக் கோடுகளைத் துடைத்து வைத்துவிட்டார்கள். "கீழே, சரியா?" "சரி."

ஒன்றரை மணிக்கு வேன்கள் வர ஆரம்பித்தன. ஜிகினா உடையும் கன்னத்தில் சாயமுமாக நாற்பது பெண் குழந்தைகள் இறங்கினார்கள். ஆட்களில் ஒருவர், "இடைவேளைல ஆடுற புள்ளைங்க போல" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அடுத்து வந்த வேன்களில் இன்னொரு நாற்பது, வேறு ஜிகினா. அதற்கடுத்து ஒரு பஸ்.

"இடைவேளைக்கு இவ்வளவு பேரா?" என்றார் அக்கா.

ஒரு நடன டீச்சர் கையில் தாளோடு உள்ளே வந்து, மரத்தரையைப் பார்த்தார், கூடைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இந்த வளையம் எதுக்குங்க?"

"பந்து போடத்தான். ஆட்டக்காரங்க எப்ப வருவாங்க?"

"நாங்கதாங்க ஆட்டக்காரங்க."

"நீங்க சரி. பந்து ஆடுறவங்க?"

"என்ன பந்து?"

இப்படியே இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தேன். குழு ஆட்டப் போட்டி. கீழே பொடி எழுத்தில் 'உடை, ஒப்பனை, தாளம் ஆகியவற்றுக்கு மதிப்பெண்' என்று இருந்தது. நான் ஆடிப்போனேன்.

மரத்தைக் கழற்றி ரப்பர் போட ஐந்து மணி நேரம் ஆகும். அக்கா நகத்தைக் கடித்தபடி ஒரு நிமிஷம்தான் நின்றிருப்பார். மரத்தின் மேலேயே ரப்பரை விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டச் சொன்னார். அப்படி அதுவரை யாரும் செய்ததில்லை. கூடைக் கம்பங்களை ஆறாறு பேராகத் தள்ளி வெளியே கொண்டுபோனார்கள். அக்கா முழங்காலில் தவழ்ந்து ஓரம் ஓரமாக டேப்பை அழுத்திக்கொண்டே போனார். நிகழ்ச்சி ஐம்பது நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது. பிள்ளைகள் ஆடினார்கள், பெற்றோர் கைதட்டினார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத்தான் இருந்தது.

அவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது நான் ஊழியர் வாசலுக்குப் போனேன். பலகையில் என் கையெழுத்தில் 'ஆட்டம்' இருந்தது. அழிக்கிற டஸ்டரைத் தேடினேன், கிடைக்கவில்லை. சட்டைக் கையால் அழித்தேன். ஏன் அழித்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பலகை சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். இப்போதும் சில நாள் அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்.

விரிப்பை எடுத்தபோதுதான் வினையே. டேப்போடு சேர்ந்து மரத்தின் மெருகும் உரிந்து வந்தது. மறுநாள் இறுதிப் போட்டி அந்த வெளுத்த கோடுகளோடு நடந்தது. விருந்தினர்கள் எல்லோரும் அதையே உற்றுப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை மேலாளர் அறையில் நாங்கள் மூன்று பேர். மேலாளர் கத்துகிற ஆள் இல்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"நடனத்துக்கு மரத்தைப் போட்டது எப்படி?" என்று கேட்டார்.

நான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். என் பெயரில் அதுவரை ஒரு கடிதம்கூட இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் எனக்கு முதல் கடிதம் வந்திருக்கும், அவ்வளவுதான். அது தெரிந்தும் நான் சொல்லவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, எங்கோ தோளுக்குக் கீழே பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மேலாளரிடம், "தரை என் பொறுப்பு, சார்" என்றார்.

மேலாளர் சற்று நேரம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன், யாரோ பேசப்போகிறார்கள் என்பது போல. மதியம் மேலாளர் கொஞ்சம் ஆறியதும் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மதியத்துக்குள் மூன்றாவது கடிதம் அடித்து, கையெழுத்தாகி, அக்காவைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றியாகிவிட்டது. வீட்டில் என் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்து, "கையெல்லாம் நீலமா இருக்கு, பலகையைக் கட்டிப் புரண்டீங்களா?" என்று கேட்டாள். அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "அப்ப உங்க சட்டைக் கறையையும் சேத்து அந்தம்மா தலையில கட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

பதினோரு மாதம் ஓடியது. உள்ளே புதிதாக ஒருவர் தரை பார்க்கிறார். நல்ல மனிதர், எதையும் கேட்பதில்லை. விளக்குக்கார அண்ணன் மேலிருந்து பழக்கத்தில் இன்னும், "கீழே, சரியா?" என்கிறார். "சரிங்க சார்" என்று பதில் வருகிறது.  அடுத்த விளக்கு முன்னைவிடத் தாமதமாகத்தான் எரியும்.

அக்கா வெளியே ஆரஞ்சு நிறச் சட்டையும் விசிலுமாக நிற்கிறார். நான் தினமும் காலையில் ஸ்கூட்டரை அவரைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். தினமும் அவர் கேட்கிறார்:

"இன்னிக்கு என்ன ஆட்டம், தம்பி?"

பரீட்சை நாளிலும் இதே கேள்விதான், மாநாட்டு நாளிலும் இதே கேள்விதான். குத்திக் காட்டுகிறாரா? முகம் சாதாரணமாக இருக்கிறது. கிண்டலா? கண்ணில் சிரிப்பு இல்லை. கோபமா? என் ஸ்கூட்டருக்கு நிழல் இருக்கிற இடத்தை அவரே காலி செய்து வைத்திருக்கிறார். கோபமாக இருப்பவர் எதற்கு எனக்கு நிழல் பிடித்து வைக்க வேண்டும்? ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "எதுக்குக்கா டெய்லி கேக்குறீங்க?" என்று கேட்டும் பார்த்தேன்.

"மேட்ச்னா டூவீலர் வரும். டான்ஸ்னா வேன் வரும். பரீட்சைன்னா காரை நிறுத்திட்டு அப்பாமாருங்க உள்ளயே உக்காந்திருப்பாங்க, எடமே காலியாகாது. தெரிஞ்சாத்தானே கோடு போட முடியும்?"

பதில் கச்சிதமாகத்தான் இருந்தது. எனக்கோ இருந்த குழப்பம் இரட்டிப்பானது. மனைவியிடம் சொன்னேன். "அந்தம்மா வண்டி நிறுத்தத்தான் கேக்குறாங்க. உங்களுக்குத்தான் உள்ளுக்குள்ள குறுகுறுங்குது" என்றாள். நான் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் அதே பள்ளிகளின் போட்டி மறுபடி வந்தது. பலகை முன்னால் நின்றேன். 'சனி' என்று எழுதினேன், '4' என்று எழுதினேன், பேனா நின்றுவிட்டது. கடைசியில் 'பள்ளிக் குழந்தைகளின் நடனப் போட்டி, வெறுங்கால், கறுப்பு ரப்பர் விரிப்பு, கூடைக் கம்பம் வேண்டாம்' என்று பாதிப் பலகையை நிரப்பினேன். புதியவர் படித்துவிட்டு, "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க சார்" என்றார். அவர் மேல் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை மதியம் அந்த நடன டீச்சர் வந்தார். சிமெண்ட்மேல் விரித்திருந்த ரப்பரைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"போன வருஷம் மாதிரி இல்லையே. போன தடவை கீழ மரம் இருந்துச்சே, அது நல்லா ஏந்துச்சு. கால் வலிக்கவே இல்லன்னு பிள்ளைங்க ஒரு வாரம் சொல்லிட்டிருந்தாங்க. அந்த அம்மா எங்க? அவங்க பாத்தா சரியா போட்டிருப்பாங்களே."

"அவங்க... வெளிய இருக்காங்க" என்றேன்.

"ஏன்?"

அந்த 'ஏன்' சாதாரண 'ஏன்'தான். டீச்சர் பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஒரு குழந்தையின் தலையில் கொண்டை அவிழ்ந்ததைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு மட்டும் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தேன். உச்சி வெயில். அக்கா வேன்களை வரிசையாகப் பின்னுக்கு எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். தரையில் சுண்ணாம்புக் கோடுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் எழுதியிருந்தார். எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, கடைசிக் கட்டத்தில் இருநூற்றுப் பதினாறு என்று இருந்தது.

"அக்கா, போன வருஷம் பலகையில ஆட்டம்னு எழுதுனது நான்தான். நீங்க கேட்டப்பவும் நான்தான் ஒழுங்கா பதில் சொல்லல. அப்புறம் அதை அழிச்சதும் நான்தான்."

அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அழிச்சது தெரியும். மேனேஜர் ரூம்ல பார்த்தேனே. அதே சட்டையைத்தானே போட்டுட்டு வந்திருந்தே. கையில மசி."

 பதினோரு மாதமாக நான் இதைச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று மருகியதெல்லாம், தெரிந்த ஒருவரிடம் சொல்லத்தானா? அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது, இரண்டையும் மறைக்க வெயிலைக் காரணம் காட்டிக் கண்ணைத் துடைத்தேன்.

"மன்னிச்சிருங்கக்கா. அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றே?" என்றார் அக்கா. "எனக்குத்தான் தெரியுமே."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அவர் விசிலை ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கோபமாகப் போனாரா, இல்லையா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது முதல் முறையாகத் தெளிவாகப் புரிந்தது.

மேலாளர் அறை இரண்டாம் மாடியில். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று படியில் ஏறினேன். அவர் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன விஷயம், பலகை?"

"ஆட்டத்தைப் பத்தி, சார்."

"என்ன ஆட்டம்?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் சுருக்காமல் சொல்ல ஆரம்பித்தேன்.